அக்கா கொடுத்தது

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘வலிக்காத கை’ என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்க வரும் பெரியவர்கள் வாசலிலேயே நின்று, “வலிக்காத கை வந்தாச்சா?” என்று விசாரித்துவிட்டுத்தான் டோக்கன் எடுப்பார்கள். இல்லை என்று தெரிந்தால், நாளைக்கு வருகிறோம் என்று வெறும் வயிற்றோடு திரும்பிப் போனவர்களும் உண்டு.

நரம்பு ஒளிந்துகொள்ளும் கைகள் என்று சில இருக்கின்றன. அப்படிப்பட்ட கை வந்தால் அவள் அவசரப்பட மாட்டாள். ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். “விரலை மடக்குங்க. அந்தப் பக்கம் பாருங்க. வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?” என்பாள். ஆள் மனதுக்குள் தலைகளை எண்ணி முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும்.

அந்த அறைக்குள் அவள் சொன்னதுதான் சட்டம். காலையில் வந்ததும் வெள்ளைக் கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டால் முதுகு தானாக நிமிரும், குரலில் ஒரு கனம் ஏறும். எப்பேர்ப்பட்ட அதிகாரியாக இருந்தாலும், “கையை இன்னும் மேல ஏத்துங்க” என்றால் பள்ளிப் பிள்ளை மாதிரி ஏற்றிக்கொள்வார். மாலையில் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டியதும் ஆள் பாதியாகிவிடுவாள். சுவரோரமாக நடப்பாள். கைப்பையை வயிற்றுக்கு முன்னால் அணைத்துப் பிடித்துக்கொள்வாள். காலையில் கை நீட்டிய அதே ஆள் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாலும் அவளை அடையாளம் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. அப்பாடா என்றுதான் இருக்கும்.

ஏனென்றால் கோட்டுக்குள்ளே அவள் போட்டிருந்தது எதுவும் அவளுடையதில்லை. எல்லாம் அக்காவுடையது.

அக்கா மூன்று வயது மூத்தவள். உயரம், அகலமான தோள். ஒரு சட்டை அக்காவுக்கு இரண்டு வருஷம், பிறகு தங்கைக்கு மூன்று வருஷம் என்று அம்மா கணக்காக வைத்திருந்தாள். தங்கைக்குக் கொடுக்கும்போது கீழே மடித்துத் தைப்பாள். வளர வளரப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் வெளுக்காத துணி ஒரு கோடாகத் தெரியும். பாவாடையில் இரண்டு கோடு இருந்தால் இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். கழுத்துப்பட்டையின் உள்பக்கம் அக்காவின் பெயர் நீல நூலில் தைத்திருக்கும். விளையாட்டு மைதானத்தில் கழற்றிப் போட்ட ஸ்வெட்டரை எடுத்து டீச்சர் உரக்கப் படித்தது அக்காவின் பெயரை. “இது யாரோடது?” என்று மூன்று தடவை கேட்டார். தங்கை எழுந்திருக்கவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போய், தொலைந்துவிட்டது என்று சொல்லி அடி வாங்கினாள்.

பதினாலு வயதில் ஒரு காரியம் செய்தாள். சாம்பல் நிறச் சட்டை ஒன்று. அக்காவுக்குச் சிறிதாகிப் போனது. அதை இஸ்திரி போடுகிற சாக்கில் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, புகை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தாள். இனி போட வேண்டியிருக்காது என்று நினைத்தாள். அம்மா தீய்ந்த இடத்தில் கறுப்புத் துணியால் ஒட்டுப் போட்டுத் தந்தாள். ஒட்டோடு ஒரு வருஷம் போட்டாள்.

இதெல்லாம் சின்ன வயதுக் கதை, தீர்ந்து போயிருக்க வேண்டும். தீரவில்லை. அவள் படித்தாள், வேலைக்கு வந்தாள், லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அக்காவிடமிருந்து ஒரு காகிதப் பை வந்துகொண்டுதான் இருந்தது. அக்கா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முன்வரிசை மேசையில் இருந்தாள். துவைத்து, மடித்து, பொத்தான் விழுந்திருந்தால் தைத்து அனுப்புவாள். மண் நிறம், சாம்பல், கருநீலம். தங்கைக்குச் சம்பளம் இருந்தது. கடைக்கும் போவாள். தலையணை உறை எடுப்பாள், கணவருக்குச் சட்டை எடுப்பாள். தனக்கென்று கை நீளும்போது, அதான் அக்காவோடது இருக்கிறதே என்று ஒரு குரல் கேட்கும். அது அம்மாவின் குரலா தன்னுடையதா என்று அவள் ஆராய்ந்ததில்லை.

உடம்புக்கு அளவெடுத்து அவளுக்காகவே தைத்த ஒரே துணி அந்த வெள்ளைக் கோட்டு. வேலையில் சேர்ந்த அன்று தையற்காரர் நாடாவை அவள் தோளில் வைத்து எண்ணைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. மருந்து வாடை என்று சொல்லிச் சமாளித்தாள்.

அந்த வருஷம் கூடம் தொடங்கி இருபத்தைந்து ஆண்டு நிறைந்தது. பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

“உங்களுக்குத்தான் இந்த வருஷ விருது. மேடையில ரெண்டு வார்த்தை பேசணும். வீட்டுலேருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க.”

“சரி சார்.”

“அப்புறம், கோட்டு போட்டுட்டு வந்துடாதீங்க. லேப் கோட்டு லேப்புக்குள்ளதான். நாமே விதியை மீறினா வெளி ஆளுங்க என்ன நினைப்பாங்க.”

பேச வேண்டும் என்றதற்கு அவள் பயப்படவில்லை. கோட்டு கூடாது என்றதற்குத்தான் பயந்தாள். இருநூறு பேர் முன்னால், வெளிச்சத்தில், அக்காவின் மண் நிறத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அன்று ஒரு குழந்தைக்கு இரண்டு முறை குத்த வேண்டியதாகிவிட்டது. பல வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

சனிக்கிழமை மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனாள். கை வழக்கம்போல பழுப்பு வரிசைக்குத்தான் போனது. விற்பனைப் பெண் நல்ல வாயாடி.

“யாருக்கு மேடம் பாக்கறீங்க? உங்க அம்மாவுக்கா?”

“எனக்குத்தான்.”

“உங்களுக்கா? அப்ப ஏன் இங்க நிக்கறீங்க,” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஒரு கவுனை எடுத்து அவள் மேல் வைத்துப் பார்த்தாள். கிளிப்பச்சை. முழுக்கை, முழங்காலுக்குக் கீழே இறக்கம், இடுப்பில் அதே துணியில் பட்டை. போட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று உள்ளே போனாள்.

துணி மாற்றும் அறையில் மூன்று பக்கமும் கண்ணாடி. தன் முதுகை அவள் அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். தோள் தையல் அவள் தோளிலேயே முடிந்தது. இதுவரை போட்டதெல்லாம் தோளைத் தாண்டி இரண்டு விரல் சரிந்துதான் நிற்கும். தனக்குத் தோளே இல்லை என்று நினைத்திருந்தாள். இருந்தது. கழுத்தும் இருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியிருந்தது. வெளியில் இருந்து, “என்ன மேடம், சரியா இருக்கா?” என்று குரல் வந்தபோது, திருடும்போது பிடிபட்டவள் மாதிரி கழற்றத் தொடங்கினாள். ஆனாலும் வாங்கிவிட்டாள்.

வீட்டில் போட்டுக் காட்டினாள். கணவர் கருவிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

“எதைக் காட்டினாலும் அதையேதான் சொல்றீங்க.”

“இது நெசமாவே நல்லாத்தான் இருக்கு. லிஃப்ட்டு வாசல்ல பச்சை லைட் எரிஞ்ச மாதிரி. ஆளுங்க நம்பி ஏறுவாங்க.”

அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. அவள் அந்தக் கவுனை அலமாரியில் மற்றத் துணிகளிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டினாள்.

விழா அன்று காலை கணவருக்கு அவசர அழைப்பு. எங்கோ நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். அக்காவை நேரே மண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டு அவள் தனியாகக் கிளம்பினாள். அன்று அவள் நடைபாதையின் நடுவில் நடந்தாள். கைப்பை தோளில் தொங்கியது, இரண்டு கையும் வீசின. கடைக் கண்ணாடிகளில் தெரிந்த பச்சை உருவத்தை ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் ஒருவர், “நீங்க வலிக்காத கைதானே?” என்று எழுந்து இடம் கொடுத்தார். கோட்டு இல்லாமல் அவளை ஒருவர் கண்டுகொண்டது அதுதான் முதல் தடவை.

மேடையில் பேசியதும் நன்றாகவே அமைந்தது. “நான் பண்றது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. கையைப் பாக்கறதுக்கு முன்னாடி முகத்தைப் பாப்பேன், அவ்வளவுதான்,” என்றாள். கைதட்டல் விழுந்தது. முன்வரிசையில் அக்கா சாம்பல் சட்டையும் கருநீலப் பாவாடையுமாக உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து தேநீர் ஊற்றும் இடத்தில்தான் அது நடந்தது. கூடத்தின் வரவேற்பு மேசையில் ஒரு வயதான அம்மாள் உண்டு. மனதில் ஒன்றும் கிடையாது, வாயில்தான் எல்லாம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தங்கையைத் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“என்னம்மா இது, அடையாளமே தெரியல. இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த? புதுசா? நீயா எடுத்த?”

சுற்றிலும் ஆறேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முகங்களில் இருந்தது சிரிப்புதான், கேலி இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. நீயா எடுத்தாய் என்றால், உனக்கு இவ்வளவு ஆசையா என்று கேட்ட மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், தனக்காக, கிளிப்பச்சையில். வாய் முந்திக்கொண்டது.

“சேச்சே, நான் எங்க எடுக்கப் போறேன். இது அக்காவோடது. அக்கா கொடுத்தது.”

சொல்லிவிட்டுத் திரும்பினால், அக்கா கையில் இரண்டு தேநீர்க் கோப்பையோடு பின்னாலேயே நிற்கிறாள்.

அக்காவின் முகம் ஒரு நொடி ஒன்றும் புரியாமல் இருந்தது. அடுத்த நொடி எல்லாம் புரிந்துவிட்டது. கோப்பை தளும்பாமல் ஒன்றைத் தங்கையிடம் நீட்டினாள்.

“ஆமாங்க,” என்றாள் அந்த அம்மாளிடம். “எனக்கு இடுப்புல கொஞ்சம் பிடிச்சுது. இவளுக்கு ஆகும்னு கொடுத்தேன்.”

“அக்கான்னா இப்படியில்ல இருக்கணும். என்ன ரசனைங்க உங்களுக்கு. தங்கச்சியோட அதிர்ஷ்டம்,” என்று அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். போட்டோ எடுப்பவரைக் கூப்பிட்டு இருவரையும் சேர்த்து நிறுத்தினாள். சாம்பலும் பச்சையுமாக நின்றார்கள். தங்கை கையில் விருதுக் கேடயம். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு.

இருவருக்கும் ஒரே பஸ். ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எந்தக் கடை?”

சொன்னாள்.

“நல்லா இருக்குடி. மேடைக்கு நீ வந்து நின்னப்போ, யாரோன்னு நினைச்சேன்.”

“அக்கா, நான் வேணும்னு சொல்லல. வாய் தவறி...”

“வாய் தவறலை. வருஷக்கணக்கா சொல்லிப் பழகின வாய் அது.” அக்காவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. “ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என் துணியைப் போட உனக்கு எப்பவாவது பிடிச்சிருக்கா?”

தங்கை கேடயத்தின் மேல் இருந்த விரல் ரேகையை கைக்குட்டை எதுவும் இல்லாமல் கட்டைவிரலாலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல,” என்றாள் கடைசியில். “அந்தக் கலருங்க எனக்குப் பிடிக்காது. உனக்குப் பிடிச்சதை நீ போட்டு முடிச்சப்புறம் மிச்சம்தான் எனக்குன்னு தோணும். தப்புதான்.”

அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் பிடிச்சதா? எனக்குப் பிடிச்சு எடுத்தேன்னா நினைச்ச?”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“எட்டு வயசுல ஒரு கறுப்பு கவுன் கேட்டு அழுதேன். வெள்ளைக் காலர் வச்சது. அம்மா, அடுத்தது அவ போடணும், அவளுக்குக் கறுப்பு எடுக்காது, ரெண்டு பேருக்கும் ஆகற மாதிரி பாருன்னு சொன்னாங்க. அதுலேருந்து எந்தக் கடைக்குப் போனாலும் ரெண்டு பேருக்கும் ஆகற மாதிரிதான் பாப்பேன். அழுக்குத் தெரியக் கூடாது, சீக்கிரம் கிழியக் கூடாது, உன் நிறத்துக்கு ஒத்துப் போகணும். சம்பாதிக்க ஆரம்பிச்சப்புறமும் அப்படித்தான். எடுக்கும்போது என் உடம்பு கண்ணுல நிக்காது, உன் உடம்புதான் நிக்கும். இத்தனை வயசுக்கு நான் ஒரு கறுப்புத் துணி போட்டதில்ல. எனக்குக் கறுப்புன்னா உயிர்.”

தங்கை கேடயத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். தான் வெறுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் அக்காவும் வெறுத்துத்தான் முதலில் போட்டாள் என்பது மெதுவாக உள்ளே இறங்கியது. அக்காவின் ஆசையின் எச்சத்தைப் போடுகிறோம் என்று முப்பது வருஷம் மனதுக்குள் முணுமுணுத்திருக்கிறாள். அங்கே ஆசையே இருந்ததில்லை. அதை ஒரு நாள்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை என்பதுதான் பொய்யைவிட அதிகமாகச் சுட்டது.

அக்காவின் நிறுத்தம் வந்தது. எழுந்து, தங்கையின் இடுப்புப் பட்டை முறுக்கிக்கொண்டிருந்ததைச் சரிசெய்தாள்.

“இது உனக்கு நல்லா இருக்கு. உன்னோடதுன்னு சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்,” என்று சொல்லி இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அவள் அதே கவுனைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வரவேற்பு மேசை முன்னால் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அன்னைக்கு ஒரு பொய் சொல்லிட்டேன்மா. இது அக்கா கொடுத்ததில்ல. நானே எனக்காக எடுத்தது.”

அந்த அம்மாள் ரசீதிலிருந்து தலையைத் தூக்கினாள். “எது?”

“இந்த கவுன்.”

“ஓ, அதுவா. நான் மறந்தே போயிட்டேன். இதுல என்னம்மா பொய்யும் நெசமும். என் மருமகளுக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும், எந்தக் கடை?” என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

இரண்டு நாள் தூக்கம் கெட்டுத் திரட்டிய தைரியம் அது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் கையிலேயே நின்றது. யாருக்குப் பயந்து அக்காவைக் கொண்டுபோய் நிறுத்தினாளோ, அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அந்த அரையாண்டு காகிதப் பை வரவில்லை. போனில் அக்கா முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள், அண்டை வீட்டுச் சுவர் விரிசலைப் பற்றிப் பேசினாள். துணியைப் பற்றி இருவரும் பேசவில்லை. தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கே போய் நின்றாள்.

“கிளம்புக்கா. கடைக்குப் போகலாம்.”

“எனக்கெதுக்கு இப்போ? முழங்கால் சரியாகட்டும்.”

“முழங்காலுக்கும் கறுப்புக்கும் என்ன சம்பந்தம்? உக்காந்தே பாக்கலாம், வா.”

அக்கா வராததற்கு முழங்கால் காரணம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பிறகு அக்காவே சொன்னாள். “போன மாசம் தனியா போனேன்டி. கறுப்பு வரிசை முன்னாடி நின்னேன். கை போக மாட்டேங்குது. தலை துவட்டற துண்டு ரெண்டு எடுத்துட்டு வந்துட்டேன்.”

போனார்கள். தங்கை தேர்ந்தெடுக்கவில்லை, பக்கத்தில் நின்றதோடு சரி. அரை மணி நேரம் கழித்து அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது நல்ல கறுப்பு, கழுத்தில் சின்ன வெள்ளை விளிம்பு. அகலமான தோளுக்கு அது அப்படிப் பொருந்தியது. அலுவலகத்தில் முன்வரிசை மேசையில் உட்காரும் ஒரு சாதாரணப் பெண் அல்ல, தீர்ப்புச் சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அக்கா அதைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

“தோள்ல கொஞ்சம் உள்ள தள்ளித் தைச்சா, பின்னாடி உனக்கு வரும்ல?”

தங்கை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “எனக்கு வேண்டாம்க்கா. எனக்குக் கறுப்பு எடுக்காது. உனக்குன்னு பாரு,” என்றாள். அக்காவின் தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டாள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். கழுத்து விளிம்பைத் தடவிக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை போன் வந்தது.

“போட்டுட்டுப் போனேன்,” என்றாள் அக்கா.

“என்ன சொன்னாங்க?”

“எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. மேலாளர் கேட்டாரு, என்ன, புதுசா எடுத்தீங்களான்னு.”

“நீ என்ன சொன்ன?”



“தங்கச்சி வாங்கிக் கொடுத்தான்னு சொல்லிட்டேன்டி.”

தங்கை சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். இருவரும் மூச்சு வாங்கும்வரை சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. இருவருக்குமே முகம் சுட்டுக்கொண்டிருந்தது. போனில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததால் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

“நாளைக்கு அவர்கிட்ட போய்ச் சொல்லணுமா?” என்றாள் அக்கா.

“சொல்லு. அவருக்கு ஞாபகமே இருக்காது. ஆனாலும் சொல்லு.”